ஜெக்கரியா பார்க்காத ஆடு

கூத்தாநல்லூரில் கறிக்கடை வைத்திருந்த ஜெக்கரியாவுக்கு ஒரு பெருமை உண்டு. அவர் கடைக் கொக்கியில் கிழட்டு ஆடு தொங்கியதே இல்லை. பண்ணையாள் ஐயாவுவின் தெருவுக்கு வீடு கட்டத் திடல் கிடைக்காமல் போனதற்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம்.

கழக ஆட்சியில், பண்ணையாட்களுக்கு மனைப்பட்டா என்று பேச்சு எழுந்த சமயம். வெண்ணாற்றங்கரையில் மேடான ஒரு புறம்போக்குத் திடலை ஐயாவுவின் தெருக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அளந்து கல் நடக் குழி வெட்டியபோது எலும்பு வந்தது.

"பொணம் பொதைச்ச எடம். இங்கயா வீடு?" என்றார் மிராசுதார் சாமிதுரை. திடலின் மேல் அவருக்கும் கண்.

"ஆடு செத்தா நாங்க பொதைக்கிற எடங்க இது," என்றார் ஐயாவு.

தாசில்தார் யோசித்தார். ஐயாவுவே ஓடிப்போய் ஜெக்கரியாவைக் கூட்டி வந்தார். ஆட்டுக்குட்டிகளை எப்போதும் அவருக்கே விற்ற பழக்கம்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க பாய். உங்களுக்குத் தெரியாத ஆடா?"

உடைந்த துண்டு; ஒரு முனைதான் மிச்சம். ஜெக்கரியா விரலால் தடவினார். அவர் அறுக்கும் ஆடுகளில் எலும்பின் முனை மூடிபோலக் குருத்தெலும்பின்மேல் உட்கார்ந்திருக்கும், வெந்தால் கழன்றுவிடும். இதில் முனையும் தண்டும் ஒன்றாக இறுகிக் கிடந்தன.

"ஆடு இல்லீங்க."

"பாயே சொல்லிட்டாரு. அப்ப மனுசந்தான்," என்றார் சாமிதுரை.

மனிதன் என்று ஜெக்கரியா சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. தன் சொல்லுக்குத் தாசில்தாரே தலையாட்டியது அவருக்குப் பிடித்திருந்தது. தெரிந்ததற்கும் பார்த்துப் பழகியதற்கும் உள்ள தூரத்தை அந்த நேரத்தில் யார் அளப்பது?

ஐயாவுவின் தெருவுக்குப் பள்ளத்தில் மனை ஒதுக்கினார்கள். ஐப்பசி பிறந்தால் அடுப்புக்குள் தண்ணீர்.

வருஷங்கள் கழித்து, கொல்லையில் கழிவறைக்குக் குழி தோண்டினார் ஜெக்கரியா. அவர் மனைவி மெஹராஜ் பேகம் அறுக்கவிடாமல் வளர்த்து, கிழமாகிச் செத்த ஆட்டைப் புதைத்த இடம் அது. எலும்பு வந்தது. அதே இறுகிய முனை. வயதானால் ஆட்டுக்கும் அந்த மூடி ஒட்டிக்கொள்ளும். கிழட்டு ஆட்டையே தொடாத கைக்கு அது எப்படித் தெரியும்?

அன்றே எலும்பை ஐயாவுவிடம் எடுத்துப் போனார்.

"அது ஆடுதான் ஐயாவு."

"நாங்க அன்னைக்கே சொன்னோமே பாய். எங்க பேச்சு எடுபடாதுன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்."

"தாசில்தார்கிட்ட வந்து சொல்றேன்."

"சொல்லலாம். மிராசுதார் வச்ச தென்னை அந்தத் திடல்ல காய்க்குது இப்ப." ஐயாவு எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மாதிரி நான் பாத்ததில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் பாய்."

ஐயாவு, அவரை உட்காரச் சொல்ல, வாசலில் காய்ந்த இடம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.