பசி இல்லை என்று எழுதினேன்

பட்டம் வாங்கி மூன்று வருடம் வீட்டில் கிடந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஊர் ஊராகப் போய் "பசிக்கிறதா?" என்று கேட்பது. வறண்ட ஊர்களில் உணவுப் பாதுகாப்பை மேம்படுத்துகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் வந்திருந்தது. கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை, பஸ் செலவு தனி. வெட்கமாக இருக்க வேண்டிய வேலை; எனக்கோ பெருமையாக இருந்தது.

பயிற்சியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பசி அதிகம் என்று தெரியவரும் ஊருக்கு மூன்று வருடம் விதை கிடைக்கும், விதைத்தது முதல் அறுக்கும்வரை வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கிடைக்கும். இதைப் பற்றி நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. தெரிந்துவிட்டால் சனங்கள் பொய் சொல்வார்களாம். எங்கள் பக்கத்து ஆட்களை அவர்கள் புரிந்துகொண்ட லட்சணம் அவ்வளவுதான்.

பரளச்சிப் பக்கம் எனக்குக் கொடுத்த ஊர்களில் ஒன்றில் என் மதினி இருந்தார். தூரத்து உறவில் அண்ணன் முறையாகும் ஒருவரின் மனைவி. அந்த அண்ணன் இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள், மூன்று ஏக்கர் மானாவாரி. ஒரு வருடம் மழையில்லாமல் குதிரைவாலி கருகியது. அடுத்த வருடம் அறுக்கிற நேரத்தில் விடாமல் பெய்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. விதைக்குக்கூட மிஞ்சவில்லை. ரேஷன் அரிசி மூன்றாவது வாரத்தைத் தாண்டாது என்பது சொந்தத்துக்குள் எல்லோருக்கும் தெரியும். மூத்தவளைப் பன்னிரண்டாவது வரையாவது படிக்கவைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய பிடிவாதம்.

நான் போனது மத்தியானம். என்னவோ விசாரிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களைப் போகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டேப்லெட்டில் இருந்ததை அப்படியே வாசித்தேன். "கடந்த முப்பது நாளில், வீட்டில் உணவு இல்லாததால் ஒரு வேளையாவது சாப்பிடாமல் இருந்ததுண்டா?"

மதினியின் முகம் சுருங்கிவிட்டது. "ஏந்தாயி, எங்க வீட்டப் பாத்தா இப்படிக் கேக்குற? அவுக போயிட்டாகன்னா, பிள்ளைகளப் பட்டினி போட்டுருவேனா நான்?"

"அப்ப இல்லன்னு போட்டுக்கிறவா, மதினி?"

"இல்லன்னே போடு."

போட்டேன். அதோடு விடவில்லை அவர். "வெயில்ல வந்த பிள்ள, வெறும் வயித்தோட போகக் கூடாது" என்று சோறும் ரசமும், பொரித்த மிளகாய் வத்தலும் கொண்டுவந்து வைத்தார். இரண்டு தரம் வேண்டாம் என்றேன். மூன்றாவது தரம் சொன்னால் மரியாதையாக இருக்காது. எனக்கும் நல்ல பசி.

சாப்பிட்டு முடித்து, தட்டைப் போடப் பின்பக்கம் போனபோது அடுப்படியைப் பார்த்தேன். சோற்றுப் பானை சுரண்டப்பட்டுக் கிடந்தது. அரிசி டின்னில் அடிதான் தெரிந்தது. மூன்று பேருக்கான ராச்சோற்றை நான் ஒருத்தி தின்றிருக்கிறேன்.

பதில்களை இன்னும் அனுப்பவில்லை. ஒரு தட்டு தட்டினால் 'இல்லை' என்பது 'ஆம்' ஆகிவிடும். பதிலை நாங்களாக மாற்றினால் வேலை போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்கள். பயந்தேன். அந்தப் பயத்துக்கு நேர்மை என்று நானே பெயர் வைத்துக்கொண்டு, அனுப்பிவிட்டேன்.

அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இதே பதில்தான். சாப்பாட்டுக்குக் குறையில்லாத ஊர் என்று முடிவானது. கிணற்றுப் பாசனம் உள்ள வேறோர் ஊருக்கு விதையும் அரிசியும் போயின. அங்கே யாரோ முன்கூட்டியே காதில் போட்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். துல்லியமாக வேலை செய்தேன் என்று என்னைப் பாராட்டிக் கைதட்டினார்களே, அதைத்தான் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

அந்தப் புரட்டாசியில் நல்ல மழை. எல்லோரும் விதைத்தார்கள். மதினியின் நிலம் மட்டும் சும்மா கிடந்தது. ஐப்பசியில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மூட்டை முடிச்சோடு, பிள்ளைகளோடு திருப்பூருக்குக் கிளம்பியிருந்தார். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கியாயிற்று, அவளுக்கும் பனியன் கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள்.

தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசிவரை கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"பொய் சொல்லச் சொல்லியா கேக்குறேன்? காதோரமா ஒத்த வார்த்த சொல்லியிருந்தா, உள்ளதச் சொல்லியிருப்பேனே தாயி."