மாட்டுக்கொட்டகை வழியாக வந்த மாமன்

செல்லியம்மாவைப் போல ஒருத்தி நகரிப் பக்கத்தில் பிறக்கவே இல்லை என்று முனிகிருஷ்ணன் அடித்துச் சொல்வார். கட்டின புருஷன் சொன்னால் யார் நம்புவார்கள்? ஊரும் அதையேதான் சொன்னது, அதனால் நம்பலாம். படுக்கையில் விழுந்த மாமியாரை முகம் சுளிக்காமல் தூக்கி உட்கார வைத்தவள். கரும்பு வெட்ட வந்த ஆட்களுக்குக் கூழ் ஊற்றாமல் தன் வாயை நனைக்காதவள். ஆனாலும் முனிகிருஷ்ணன் மார்தட்டிக்கொண்டது வேறொன்றுக்கு. இரண்டு முரட்டு ஆம்பளைகளை அவள் மேய்த்தாளே, அதற்கு. அதில் ஒரு முரடன் தான்தான் என்று சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

இன்னொரு முரடர் அவளுடைய அண்ணன் ஆதிநாராயணன், திருத்தணிப் பக்கத்து ஊர்க்காரர். ஆந்திரா தனி ராஜ்ஜியமாகி, சித்தூர் ஜில்லா முழுக்க அதோடு போனபோது, எங்கள் ஊரை மெட்ராஸோடு சேர் என்று கொடி பிடித்தவர். ரயிலை மறித்து ஜெயிலுக்கும் போய் வந்தவர். முனிகிருஷ்ணனுக்கோ கரும்பும் வெல்லமும்தான் உலகம். வெல்லத்தைச் சித்தூர் மண்டியில் போட்டுவிட்டு, தெலுங்கு வியாபாரிகளோடு தோளில் கைபோட்டுப் பேசிவிட்டு வருகிற மனுஷன். எந்த ராஜ்ஜியமானால் என்ன என்று இருந்துவிட்டார்.

மகன் பாலையாவுக்குப் பெயர் வைத்த அன்று வினை வந்தது. பந்தியில் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆதிநாராயணன் ஆரம்பித்தார்.

"மெட்ராஸோட சேரணும்னு கூட்டத்துல ஊரே கை தூக்குனப்ப, நீ மட்டும் இன்னா மாப்ள பண்ணிக்கினு இருந்த? வெல்லத்துக்கு ஊர வித்துட்டியே!"

"எங்க ஊட்டுச் சோத்தத் துன்னுக்கினே என்னப் பாத்து இதக் கேக்கிறியா?" என்றார் முனிகிருஷ்ணன்.

பாதி இலையில் எழுந்துவிட்டார் ஆதிநாராயணன். அதைவிடப் பெரிய அவமானம் உண்டா? "இனிமே இந்த ஊட்டு வாசல மிதிச்சா நான் ஆம்பள இல்ல!"

"நானும் உன்ன வான்னு கூப்ட்டா ஆம்பள இல்ல, போ!"

இரண்டு பேரும் ஆம்பளைகள் ஆகிவிட்டார்கள். உள்ளறையில் பச்சைக் குழந்தையோடு கிடந்தவள்தான் அழுதாள். முனிகிருஷ்ணன் உள்ளே போனபோது, இறங்கி வாங்க என்று கெஞ்சுவாள் என நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "புள்ளைக்கு முடி எறக்க மாமன் மடி வேணுமேங்க?"

இந்தப் பக்கத்தில் பிள்ளையின் முதல் முடி திருமலையானுக்கு. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் கத்தி படும். ஒரு வயதில் பாலையாவுக்கு முடி இறக்கவில்லை. மூன்று வயதிலும் இல்லை. செல்லியம்மா தினமும் எண்ணெய் தடவி, இரட்டைப் பின்னல் போட்டு, கனகாம்பரமும் வைத்துவிட்டாள். தெருப் பிள்ளைகள் அவனைப் பாலம்மா என்று கூப்பிட்டார்கள். ஐயோ, அந்தப் பிள்ளை பட்ட பாடு!

முனிகிருஷ்ணனின் அக்கா ருக்மணிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, எங்க ஊட்டுக்காரர் மடில உக்கார வச்சா முடி எறங்காதா?"

"எறங்கும் அண்ணி. அப்பறம் எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு கீதா?" என்றாள் செல்லியம்மா.

அறுபதாம் வருஷம் எல்லைக்கோட்டைப் போட்டார்கள். திருத்தணி மெட்ராஸுக்குப் போனது, நகரி ஆந்திராவில் நின்றது. அண்ணன் ஒரு ராஜ்ஜியம், தங்கை ஒரு ராஜ்ஜியம். இனி ஒட்டு ஏது, உறவு ஏது என்றது ஊர். பாலையாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். "போதும் செல்லி. வர்ற சனிக்கிழம மலைக்குப் போறோம். அக்கா ஊட்டுக்காரர் மடியே போதும்" என்றார் முனிகிருஷ்ணன்.

"சரிங்க" என்றாள்.

அத்தனை சீக்கிரம் சரி என்றாளே, அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டாமா?

திருமலையில் முடி இறக்கும் கல்யாண கட்டாவில் நுழைந்தால், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஆதிநாராயணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்! முனிகிருஷ்ணன் பெண்டாட்டியை முறைத்தார்.

"நீங்க கூப்புடலியே. வளையல்காரிகிட்ட சொல்லி அனுப்பிச்சது நானு. அண்ணனும் நம்ம வாசல மிதிக்கல. மலை நம்ம ஊடாங்க?"

முன்பின் பார்க்காத மாமன் மடியில் உட்கார்ந்ததும் பாலையா ஊரைக் கூட்டினான். கத்தியைக் கண்டதும் உதைக்க ஆரம்பித்தான். நாவிதர் கையை எடுத்துவிட்டார். முனிகிருஷ்ணன் பாய்ந்துபோய் மகனின் தலையைப் பிடித்தார். "கெட்டியாப் புடி மச்சான்! கத்தி பட்டுறப் போவுது!"

"நீ தலய ஆட்டாம புடி மாப்ள, கால நான் பாத்துக்கிறேன்!"

முடி இறங்கி முடியும்வரை, தாங்கள் பேசிவிட்டது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. செல்லியம்மா கம்பீரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படி ஒரு முகத்தோடு முனிகிருஷ்ணன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

கீழே திருப்பதியில் பஸ் ஏறும்போது அண்ணனிடம் அவள் மெதுவாகச் சொன்னாள்: "எங்க மாட்டுக்கொட்டா பக்கமா ஒரு வழி கீது அண்ணா."

அன்றிலிருந்து ஆதிநாராயணன் பொங்கல் சீரை மாட்டுக்கொட்டகை வழியாகத்தான் கொண்டுவந்தார். காலெல்லாம் சாணி, தலை மட்டும் நிமிர்ந்திருக்கும். முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் முனிகிருஷ்ணன் வா என்று கூப்பிட மாட்டார். "செல்லி, பின்னால யாரோ வந்தாப்புல கீது, எல போடு" என்று மட்டும் கத்துவார். கிழவர்கள் ஆகும்வரை இந்தக் கூத்து நடந்தது. ஊர் சிரித்தது. அவள் சிரித்துக்கொண்டே இலை போட்டாள்.

ஒரு தை மாதம் செல்லியம்மா போய்ச் சேர்ந்தாள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்தால்தான் எடுக்க முடியும். எல்லாரும் காத்திருந்தார்கள். ஆதிநாராயணன் கோடியை மார்போடு அணைத்தபடி தெருவில் வந்தார். பழக்கத்தில் கால் மாட்டுக்கொட்டகைச் சந்தில் திரும்பியது. முனிகிருஷ்ணன் எழுந்தார். தெருவே கேட்கக் கூப்பிட்டார்.

"மச்சான்! இப்டி வா. வாசல் வழியா வா."

ஆதிநாராயணன் வாசலை மிதித்தார். படியிலேயே உடைந்து அழுதார். "ஒரு வார்த்த வாசல் வழியா வான்னு கேட்டிருந்தா என்னிக்கோ வந்திருப்பேனே மாப்ள! அவ கேக்கலியே!"

"எங்கிட்டயும் கூப்புடுன்னு கேக்கல. நம்ம ரெண்டு பேரு பேச்சயும் அவதான் காப்பாத்திக்கினு இருந்தா. வா, போத்து."

இரண்டு பேருமாகப் புடவையைப் பிரித்தார்கள்.