சிங்கப்பூரில் விடுபட்ட தாய்மாமன்

அழைப்பிதழ் மூலையில் தடவிய மஞ்சள் மணந்தால், இன்றும் எனக்குக் கடவுச்சொல்தான் நினைவுக்கு வரும்.

ஆவுடையார்கோவிலில் இணையதளம் செய்துதரும் சின்னக் கடை என்னுடையது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தளம் அமைத்து, அழைப்பிதழை, கடவுச்சொல் போட்டு நுழையும் எஃப்.டி.பி. வழியே ஏற்றினேன். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் சட்டென்று திறக்கட்டும் என்று, ஊருக்கு ஊர் நகல் வைத்துப் பரிமாறும் சி.டி.என். சேவையையும் இணைத்தேன். கடவுச்சொல்லை அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

"சொந்தக்காரங்ககிட்ட என்னடா ஒளிவு மறைவு?"

ஒரு சொந்தத்துக்குத் தன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட ஆசை. பழைய வரைவொன்றில் அதைச் சேர்த்து ஏற்றிவிட்டது. யாரென்று தெரியும்; சொன்னால் இன்னொரு கல்யாணம் நிற்கும். அந்த வரைவில் தாய்மாமன் பெயரே கிடையாது.

தாய்மாமன், அதாவது அண்ணியின் அண்ணன், எனக்கு மச்சான். திருவரங்குளத்திலிருந்து சைலன்சர் செத்த மொபெட்டில் கடைக்கே வந்து இறங்கினார்.

"மாலை எடுத்துக் குடுக்க வேற ஆளப் பாத்துக்கங்க மாப்ள. பேரு இல்லாதவனுக்கு அங்க என்ன வேலை?"

அண்ணி காலையிலிருந்து சாப்பிடவில்லை.

கடவுச்சொல்லைத் தலைமுழுகினேன். இன்னும் பாதுகாப்பான எஸ்.எஃப்.டி.பி.க்கு மாறி, என் கணினியில் மட்டும் இருக்கும் சாவிக்கோப்பு இல்லாமல் எவரும் நுழைய முடியாதபடி பூட்டினேன். சரியான அழைப்பிதழை ஏற்றி, சாவிக் கதையையும் மச்சானிடம் சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினேன். மச்சானின் மீசை இளகியது. அந்த நேரம் பார்த்தா சிங்கப்பூரிலிருந்து அவர் மகன் அழைக்க வேண்டும்?

"இங்க ஒங்க பேரு இன்னும் இல்லப்பா."

"இங்கிட்டு ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணா? எனக்குக் காட்டன்னே தனியா ஒண்ணு அடிச்சீங்களாக்கும்?"

கதவைப் பூட்டியவன், முன்பே வெளியேறிய தாளை மறந்துவிட்டேன். அது கடல் தாண்டி, சிங்கப்பூர் நகலாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. எல்லா ஊர் நகல்களையும் நீக்கச் சொல்லும் பொத்தானை அழுத்தினேன். மச்சானின் மூச்சு என் பிடரியில் சுட்டது. மகனை மறுபடி திறக்கச் சொன்னேன்.

"வந்துருச்சுப்பா! ரெண்டாவது வரியில."

"துபாய்ல?" என்றார் மச்சான்.

"அங்க நமக்கு யாரும் இல்லையே மச்சான்."

"இல்லாட்டி என்ன? பேரு இருக்கட்டுமே."

இருக்கும் என்று சத்தியம் செய்த பிறகுதான் எழுந்தார். மொபெட்டை உதைத்துக் கிளப்பி, அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினார்:

"தங்கச்சிய சாப்பிடச் சொல்லுங்க. மாலைய நான் எடுத்துக் குடுக்குறேன். அந்தச் சாவிய மட்டும் ஒங்க அண்ணன்கிட்ட குடுத்துறாதீங்க மாப்ள!"