மூன்றாவது போனின் தமிழ்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அகராதி என்று பெயர். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் அகராதி. சொற்களோடு மல்லுக்கட்டுவதே அவர் வேலை என்பது ஒரு காரணம். யார் சொன்னாலும் கேட்காத, அகராதி பிடித்த ஆள் என்பது இன்னொரு காரணம். இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டாவதைத்தான் அவர் பெருமையாக நினைத்தார் என்பது என் சந்தேகம்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது போனுக்குள் இருந்து போனை ஓட்டுகிற மென்பொருள். உலகத்தில் அது ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. உங்கள் பையில் இருப்பது அந்த இரண்டில் ஒன்று, பந்தயமே கட்டுவேன். எங்களுடையது மூன்றாவது. அதற்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தார்கள். விளம்பரம் எழுதுகிறவர்களைத் தவிர யாரும் அதை உச்சரித்ததில்லை. 'மூணாவது' என்றே சொல்லுவோம். வெளியாள் கேட்டால் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கிவிட்டோம் என்று நினைப்பார். மூன்றாம் பரிசு கிடைத்திருந்தால் கேக் வெட்டியிருப்போம்.

மூணாவதுக்குத் தமிழ் எழுதியவர் அகராதி. அதற்கு முன்பு பல வருடங்கள் துவைக்கும் இயந்திரம், மிக்ஸி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் முறையை எழுதியவர். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்ற வாக்கியத்தை அவர் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. ஒருவரும் படிக்காததை ஒழுங்காக எழுதுவதுதான் தன் தொழில் என்று சொல்லிக்கொள்வார். அதில் வருத்தமெல்லாம் கிடையாது.

என் வேலை பரிசோதனை. பொத்தானை அமுக்கினால் வேலை செய்கிறதா, தமிழ் எழுத்து பெட்டிக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பேன். இரண்டாவதுதான் பெரிய தலைவலி. ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிகிற சமாசாரம் தமிழில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

போதாக்குறைக்கு, சொற்கள் அவரிடம் தனித்தனியாகத்தான் வரும். எந்தத் திரையில், எந்த மூலையில் வரப்போகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் 'பேக்' (Back) என்று ஒரு ஆங்கிலச் சொல் வந்தது. அதற்கு முன்னால் வந்தவை கழுத்து, தோள். உடற்பயிற்சி ஆப்பின் சொற்களும் போனின் சொற்களும் ஒரே மூட்டையில் கலந்துபோயிருந்தன. அகராதி யோசிக்காமல் 'முதுகு' என்று போட்டுவிட்டார். மறுநாள் என் மேசையில் இருந்த போனில் ஒவ்வொரு திரைக்கும் கீழே இடது மூலையில் 'முதுகு' என்று இருந்தது. தொட்டால் முந்தைய பக்கத்துக்குப் போனது. நான் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அடக்கமா உக்காந்திருக்கே, பெட்டிக்குள்ள," என்றார்.

அதன்பிறகு எந்தச் சொல் வந்தாலும் நேராக என் மேசைக்கு வந்து, "இது எங்க நிக்கும், காட்டு" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். மேலாளர் கூப்பிட்டால்கூட அதற்கப்புறம்தான் போவார்.

போன் நன்றாகவே இருந்தது. அதுதான் பரிதாபம். ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் ஓடியது. கீழே விழுந்தால் எழுந்தது. தமிழ் நிஜமாகவே தமிழாக இருந்தது. ஆனால் அதில் ஆப் கிடையாது. இருந்தவை கடிகாரம், கால்குலேட்டர், டார்ச் லைட், வானிலை. எங்கள் மேலாளரின் முழுநேர வேலையே ஆப் கம்பெனிகளுக்குப் போய் "எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று கேட்பது. அவர்கள் காபி கொடுத்து, "உங்க போன் எத்தனை பேர்கிட்ட இருக்கு?" என்று கேட்பார்கள். கடைக்கு வருகிற ஆளோ போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பேங்க் ஆப் இருக்கா?" என்று கேட்பார். ஆள் வந்தால் ஆப் வரும், ஆப் வந்தால் ஆள் வருவார். இரண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டு 'நீங்க முதல்ல போங்க' என்று மரியாதை காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இல்லாத ஆப்பைத் தேடினால் முதலில் 'கிடைக்கவில்லை' என்று வந்தது. மேலாளர் அகராதியைக் கூப்பிட்டார்.

"மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் நம்பிக்கையா எதாவது போடுங்களேன்."

அகராதிக்கும் அப்போது நம்பிக்கை இருந்தது. எல்லோருக்கும் இருந்தது, எனக்கே கொஞ்சம் இருந்தது. என் மேசைக்கு வந்து பெட்டியின் அகலத்தைப் பார்த்துவிட்டு 'இன்னும் வரவில்லை' என்று எழுதினார். மேலாளர் உச்சி குளிர்ந்துபோனார். எங்கள் போனில் மக்கள் அதிகம் படித்த வாக்கியம் அதுதான்.

அகராதிக்கு ஒரு தம்பி. டாக்சி ஓட்டுகிறவர். கார் வேறொருவருடையது, ஓட்டுவது மட்டும் இவர். தாய் தகப்பன் போன பிறகு அக்காதான் வளர்த்தார். படிப்பு ஏறவில்லை, எட்டாவதோடு சரி. அவர் வாழ்க்கையில் நிரப்பிய விண்ணப்பம் ஒவ்வொன்றும் அக்கா கையெழுத்து. அக்கா எழுதினால் சரியாக இருக்கும் என்பதை அவர் யோசித்து முடிவு செய்ததில்லை. மூணாவது கடைக்கு வந்த அன்றே போய் வாங்கிவிட்டார். பழைய போனைக் கொடுத்துவிட்டு வாங்கினார் என்பதுதான் விபரீதம். ஏறுகிற பயணிகளிடமெல்லாம் போனைக் காட்டி, "இதுல இருக்கறதெல்லாம் எங்க அக்கா எழுதினது" என்பாராம். பயணிகள் பாவம், வண்டிக்குள் மாட்டிக்கொண்டவர்கள், என்ன செய்வார்கள்?

பயணிகளும் கொஞ்ச நாள்தான் ஏறினார்கள். இந்தக் காலத்தில் டாக்சி என்பது ஆப். ஆள் போனில் கூப்பிடுவார், ஓட்டுநரின் போன் அடிக்கும். அந்த ஆப் மூணாவதில் இல்லை. தேடினால் இன்னும் வரவில்லை என்று சொன்னது. தம்பி காத்திருந்தார்.

இதெல்லாம் அகராதிக்குத் தெரியாது. ஒருநாள் அலுவலகம் முடிந்து நானும் அவரும் ரயில் நிலையத்துக்கு நடந்து போனபோதுதான் தெரிந்தது. வாசலில் மற்ற ஓட்டுநர்கள் வண்டிக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். போன் அடிக்கும், போவார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் வெயிலில் நின்று, பெட்டியோடு வருகிறவர்களிடம் "டாக்சி வேணுமா? டாக்சி வேணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் நிற்கவில்லை. ஒரு அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விலகிப் போனார். அகராதி நடப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏன்டா இங்க நின்னு கத்திக்கிட்டு இருக்க?"

தம்பி சிரித்தார். "சும்மாதான்க்கா. ஆப் வர்ற வரைக்கும்."

"வண்டி ஓனர் ஒண்ணும் சொல்லலியா?"

"இந்த மாசமும் இப்படியே ஓட்டினா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள வந்துரும்க்கா."

"வேற போன் வாங்கித் தொலையேன்டா!"

"எதுக்கு? நீயே போட்டிருக்கியே, இன்னும் வரலைன்னு. அப்ப வரும்னுதான அர்த்தம்?"

அகராதியிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு, அவர் ரயிலைக்கூட மறந்து வந்த வழியே திரும்பி நடந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலையில் பையைக்கூடக் கீழே வைக்காமல் மேலாளர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். எனக்கு அங்கே வேலையில்லை, வேடிக்கைதான்.

"அந்த டாக்சி ஆப் வருமா, வராதா?"

மேலாளர் நல்ல மனிதர். பொய் சொல்ல மாட்டார், சுற்றி வளைப்பார். பேச்சுவார்த்தை என்றார், சந்தைச் சூழல் என்றார். அகராதி நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"போன கோடையிலயே முடியாதுன்னுட்டாங்க. டாக்சிக்காரங்க, பேங்க், எல்லாரும்தான். இனிமே கூப்பிடவே வேணாம்னு சொல்லிட்டாங்க."

"அப்ப நான் எழுதினது பொய்."

"பொய் எப்படி ஆகும்? இன்னும் வரலை. அது உண்மைதானே? நாளைக்கே மனசு மாறி வந்தாலும் வரலாம்."

இலக்கணப்படி அவர் சொன்னது சரி. அகராதி வெளியே வந்தார். எனக்கு மேலாளர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் சம்பளத் தேதி பக்கத்தில் இருந்ததால் அதை உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

"தம்பிக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிருங்கக்கா," என்றேன்.

"அவனுக்குக் காதுல சொல்லிடலாம். அவன மாதிரி வேற எவனெவன் எங்கெங்க நின்னு கத்திக்கிட்டு இருக்கானோ, அவனுக்கெல்லாம் யாரு சொல்றது?"

அந்த வாரம் போனுக்குப் புது அப்டேட் கிளம்பியது. மொழி மாற்றங்களை மேலாளர் பார்ப்பதில்லை, அவை நேராக என்னிடம்தான் வரும். டாக்சி ஆப்பைத் தேடினேன். 'வராது' என்று இருந்தது. வங்கி ஆப்பைத் தேடினேன். வராது. முடியாதென்று சொன்ன கம்பெனி ஒவ்வொன்றுக்கும் அதே ஒரு சொல். திரும்பிப் பார்த்தேன். அகராதி அவர் இடத்தில் டிபன் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார், என் பக்கம் பார்க்கவே இல்லை.

என் வேலை எழுத்து பெட்டிக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது. 'இன்னும் வரவில்லை' எப்போதும் ஓரத்தில் கொஞ்சம் இடிக்கும். 'வராது' தாராளமாக அடங்கியது. பிழை இல்லை என்று குறித்து அனுப்பிவிட்டேன்.

போன் வாங்கியவர்கள் திட்டித் தீர்ப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். திட்டினார்கள்தான். ஆனால் நன்றி சொல்லியும் கொஞ்சம் பேர் எழுதியிருந்தார்கள். 'அப்பாடா' என்று மட்டும் ஒருவர். மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"வராதுன்னு சொல்ல நாம யாரு?"

"வர மாட்டோம்னு அவங்கதானே சொன்னாங்க?" என்றார் அகராதி.

"அவங்க சொல்லட்டும். அத நம்ம போன் ஏன் சொல்லணும்?"

"கையில இருக்கறது நம்ம போன்தானே?"

அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எனக்கு எச்சரிக்கை மட்டும். பெட்டிக்குள் அடங்கியது என்று நான் சொன்ன பதிலில் அவர்களால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவருடைய நாற்காலி மெத்தையையும் டிபன் பையையும் நான் தூக்கிக்கொண்டு கீழே போனேன். தம்பி வண்டியோடு நின்றார். நானும் ஏறிக்கொண்டேன், யாரும் கூப்பிடவில்லை.

கொஞ்ச தூரம் போனோம். அப்புறம் அகராதி கேட்டார், "போன்ல பாத்தியாடா, வராதுன்னு?"

"பாத்தேன். காலையில பாத்தேன்க்கா."

"என்னை மன்னிச்சிரு. எனக்கே தெரியலடா, அவங்க முடியாதுன்னுட்டாங்கன்னு."

தம்பி ஒரு லாரியை முந்தினார். "எனக்குத் தெரியும்க்கா."

"என்னது?"

"வாங்கின மாசமே அந்த டாக்சி கம்பெனி ஆபீசுக்கு நேராப் போய்க் கேட்டேன். அந்தப் போனுக்கெல்லாம் செய்யவே மாட்டோம்னு சொல்லிட்டாங்க."

"அடப்பாவி! தெரிஞ்சுமா வெயில்ல நின்ன? வண்டியே போயிருக்குமேடா!"

"நீ வரும்னு எழுதியிருக்க. நான் போய் வேற போனை வாங்கிட்டா, உன்னை நம்பலைன்னு ஆயிடாது?"

அகராதி முன்னிருக்கையை எட்டி அவர் தோளில் ஒரு அடி வைத்தார். பலமான அடி. பிறகு "வண்டிய நிறுத்து" என்றார். எதிரே ஒரு போன் கடை இருந்தது.

கடைக்காரர் அந்த இரண்டில் ஒன்றை எடுத்து வைத்தார். டாக்சி ஆப்பை அங்கேயே ஏற்றிக் கொடுத்தார், கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

"மொழி என்ன வைக்கட்டும் சார்? தமிழ் இருக்கு," என்றார் கடைக்காரர்.

"இங்கிலீஷ் வைங்க," என்றார் தம்பி.

"உனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தானேடா தெரியும்? தமிழே வச்சுக்கோ. இவங்களும் நல்லாத்தான் எழுதியிருப்பாங்க," என்றார் அகராதி.

"கூட்டிப் படிச்சுக்கறேன். இத எழுதினது யாருன்னு எனக்குத் தெரியாதே. எத நம்பிப் படிக்கறது?"

அகராதி கடையிலேயே, எல்லோர் முன்னாலும் அழுதார். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தை வைத்துக் கொடுத்தார்.