ஏசி நின்ற நேரத்தில் அப்பா கேட்ட பாட்டு

அப்பா பிறந்தது துறையூரில், ஐந்து பிள்ளைகளில் நான்காவதாக. திருச்சி ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு படித்துவிட்டு இருபத்து மூன்று வயதில் துபாய்க்கு விமானம் ஏறினார். அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். அங்கிருந்து மெல்ல உயர்ந்து, பெரிய இசை அரங்கம் ஒன்றில் ஏசி பராமரிப்பு மேற்பார்வையாளரானார். அந்தப் பதவி கிடைத்த பிறகுதான் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். ஷார்ஜாவில் ரோலா பக்கம் வீடு. பதினொன்றாம் வகுப்பு வரை நான் படித்தது அங்கேதான்.

அப்பாவின் பொறுமையையும், சாம்பாரில் உப்பு குறைந்தாலும் வாய் திறக்காத குணத்தையும் பற்றி மற்றவர்கள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். உறவினர்கள் பலர் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. நல்ல வேலையில் இருந்தவர் குடும்பத்தை ஏன் திடீரென்று ஊருக்கு அனுப்பினார்? கம்பெனியில் ஆள் குறைப்பு என்று சொல்லி வைத்திருந்தோம். அது பொய்.

ஒரு மே மாதம் மிகப் புகழ்பெற்ற ஓபரா பாடகர் ஒருவர் இத்தாலியிலிருந்து அந்த அரங்குக்கு வந்தார். ஓபராவில் கதை முழுவதும் பாட்டாகவே நடக்கும், மைக் கிடையாது. எல்லோரும் காத்திருக்கும் ஒரு தனிப்பாடல் அதில் உண்டு. அந்த நான்கு நிமிடமும் ஏசி இரைச்சல் துளியும் கூடாது என்பது பாடகரின் நிபந்தனை. அப்பா கீழ்த்தளத்தில் சுவிட்சுகள் இருக்கும் பேனல் அறையில் ஏசியை நிறுத்திவிட்டு, மேடையோரம் வந்து நின்று, சத்தம் எதுவும் மிச்சமில்லை என்று காதால் உறுதி செய்ய வேண்டும். பாட்டு முடிந்ததும் கீழே போய் மறுபடி ஓடவிட வேண்டும். மேடையருகே இரையக் கூடாதென்று வாக்கிடாக்கியையும் அணைத்துவிட்டார். பேனல் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடும் காது அப்பாவுக்கு. அந்த அரங்கம் அமைதியாக இருந்தால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் கேட்டார். பிறகு அந்தக் குரல் வந்தது.

"ஆரம்பத்துல பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட பேசுற மாதிரிதான் பாடுனாரு. கடைசில ஒரு ஏத்து ஏத்துனாரு பாரு, எனக்கு நெஞ்சுக்கூடு அதிருது. நடுவுல நான் மூச்சு விட்டா கெட்டுப்போயிடும்னு புடிச்சுக்கிட்டு நின்னேன்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

"பாஷை புரியலையேப்பா?"

"புரியலதான். எதையோ கேக்குறாரு, கிடைக்காதுன்னு தெரிஞ்சே கேக்குறாருன்னு பட்டுச்சு."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பாடகர் அதையே இன்னொரு முறை பாடினார். அப்பா கீழே போகவில்லை. அடுத்த காட்சிக்கும் போகவில்லை. விளக்குகளின் சூட்டில் அரங்கம் புழுங்கி, முன்வரிசையில் ஒரு முதியவர் மயங்கி விழுந்தார். தேடி வந்தவர்கள் அப்பாவைக் கண்டபோது அவர் திரையோரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். முதியவர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் விசாரணை. அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்த கீழக்கரை பஷீர் மாமா வழி சொல்லிக் கொடுத்தார். "மோட்டார் ட்ரிப் ஆகி நின்னுருச்சுன்னு எழுதிக் குடுங்கண்ணே. நானும் சைன் போடுறேன். கலாஸ், முடிஞ்சுது." அப்பா எழுதிக் கொடுத்தது ஒரே வரி: பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன், தவறு என்னுடையது. அல் கூஸில் ஒரு பணிமனைக்கு மாற்றினார்கள். அந்த வேலைக்குக் குடும்ப விசா கிடையாது. முதல் பருவப் பரீட்சைக்குக்கூடக் காத்திராமல் அம்மாவும் நானும் திருச்சிக்கு வந்தோம். அப்பா ஒன்பது ஆண்டுகள் மறுபடியும் கேம்ப்பில் இருந்தார். எனக்குக் கோபம் இருந்தது. போனில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நான் பேசியதில்லை.

அப்பா ஊர் திரும்பிய மூன்றாம் ஆண்டில் அவருக்குப் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் ஒரு மதியம் கேட்டேவிட்டேன். "மோட்டார்னு எழுதியிருந்தா நாங்க அங்கயே இருந்திருப்போமேப்பா?"

"இருந்திருப்பீங்கம்மா. ஆனா மோட்டார ரிப்பேர் பாத்துட்டு இருந்தேன்னு எழுதுனா, நான் அந்தப் பாட்டக் கேக்கவே இல்லன்னுல ஆயிடும்" என்றார். நான் சமாதானம் ஆனேன் என்று சொல்ல முடியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு நாளில் அப்பா போய்விட்டார்.

கடைசி வரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், காரியத்தன்று உடனிருந்த பங்காளிகளுக்கும், லீவு போட்டு விமானம் ஏறி வந்து நின்ற பஷீர் மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தப் பட்டியலை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பாடகரைப் பற்றி இத்தனை வருடத்தில் அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அந்தப் பாட்டுக்காரரையும் சேத்துக்கடி" என்றார். "நாம கூட இல்லாத ஒம்போது வருசமும் உங்கப்பாவுக்கு அதுதானே துணை."

அவருக்கும் எங்கள் நன்றி.