அவர் இறங்கிப்போன நிறுத்தம்

என் கணவருக்குப் பேச்சு நின்றுபோன அன்று காலை எனக்கும் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுபோயிற்று. அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வெறும் பயம்தான்.

குளித்துவிட்டு வந்து சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் மாட்ட வலது கை எழும்பவில்லை. "என்னங்க?" என்று கேட்டேன். திரும்பினார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. ஏதோ சொல்ல வந்தார், சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. நான் வாசலுக்கு ஓடினேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் சந்து காலையில் எப்போதும் ஆள் நடமாட்டமாகத்தான் இருக்கும். அன்றும் இருந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள், பால் வாங்கி வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தெரிகிறது, வாயைத் திறக்கிறேன், குரல் மட்டும் எழவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு டீச்சர் குடியிருக்கிறார். ஸ்கூலுக்குக் கிளம்பி இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே பையைப் படியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினார். அவர்தான் ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் முன்னால் நின்று பேசியதும் அவர்தான். டாக்டர் என்னிடம், "எப்ப ஆரம்பிச்சதும்மா? சுகர் இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடுறாரு?" என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு எல்லாப் பதிலும் தெரியும். மாத்திரையை எடுத்துக் கொடுப்பதே நான்தான். ஆனாலும் வழக்கம்போலப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், அவர் சொல்லட்டும் என்று. அவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார்.

கல்யாணம் ஆனதிலிருந்து வெளியே பேசுவது அவர் வேலை. திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருந்தார். நாள் முழுக்கப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தும் பேசுவார். வாங்க மனமில்லாமல் வந்தவர்களும் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். பேங்க், கரண்ட் ஆபீஸ், மகனுடைய காலேஜ் என்று எங்கே போனாலும் நான் அவருக்கு அரை அடி பின்னால் நிற்பேன். எனக்குத் தொண்டை வலி என்று டாக்டரிடம் போனால்கூட, அது எப்படி வலிக்கிறது என்று அவர்தான் சொல்வார். நான் தலையாட்டுவேன். எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை. நிழலில் நிற்பது மாதிரி சுகமாகவே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் ஓரளவு வந்திருந்தது. இழுத்து இழுத்து நடந்தார். வலது கை பாதி. பேச்சு மட்டும் ஒரே ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. 'நாளைக்கு.' ஏன் அந்தச் சொல் என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. சில பேருக்கு இப்படி ஒரு சொல் தங்கிவிடும் என்றார்.

"சாப்பிடுறீங்களா?"

"நாளைக்கு."

"வலிக்குதா?"

"நாளைக்கு."

தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவருக்கே தெரியும். சொன்ன உடனே முகம் சுருங்கும். மறுபடி முயற்சி செய்வார். மறுபடியும் அதே சொல் வந்து விழும். ஒருநாள் தட்டைச் சுவரில் வீசினார். சோற்றைப் பொறுக்கிக்கொண்டே நான் அழுதேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி "நாளைக்கு, நாளைக்கு" என்றார். அது மன்னிப்பா, கோபமா, என்னை அழ வேண்டாம் என்கிறாரா? எனக்குப் புரியவில்லை. மகன் புனேயிலிருந்து வந்து, லீவு தீரும்வரை இருந்துவிட்டுப் போனான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீ தனியா சமாளிச்சுடுவியா?" என்று கேட்டான். சமாளிப்பேன் என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.

கண்டோன்மெண்டில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அவரை அழைத்துப் போக ஆரம்பித்தேன். சின்ன வயசுப் பெண். படங்களைக் காட்டிப் பேர் சொல்லச் சொல்வாள். அவர் திணறும்போது அவசரப்படுத்தமாட்டாள். "அவருக்கு எல்லாம் நல்லா புரியுது ஆன்ட்டி. வார்த்தைய எடுக்கத்தான் முடியல. வீட்டுக்குள்ளயே வச்சிருக்காதீங்க. நாலு பேர் நடுவுல கூட்டிட்டுப் போங்க" என்று என்னிடம் சொன்னாள். அதுவரை ஆட்டோவில்தான் போய்வந்துகொண்டிருந்தோம். அதற்கடுத்த முறை பஸ்ஸில் போகலாமா என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அத்தனை வருஷம் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த மனிதர்.

பஸ்ஸில் கூட்டம். பின்வாசல் பக்கம் ஒருவர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார். என்னைக் கூட்டம் முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது. காவிரிப் பாலம் தாண்டும்வரை எட்டி எட்டிப் பார்த்தேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இன்னும் ஆட்கள் ஏறினார்கள். அதன்பிறகு அவரை மறைத்துக்கொண்டு வெறும் முதுகுகள்தான் நின்றன. பாலக்கரையில் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் திரும்பிப் பார்த்தேன். அந்த சீட்டில் காலேஜ் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

பின்னால் ஓடினேன். கண்டக்டரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் முகம் மாறியது மட்டும் நினைவிருக்கிறது.

"கால இழுத்து நடப்பாரே, அவரா? மெயின்கார்டு கேட்ல இறங்கினாரும்மா. நான்தான் கை கொடுத்து இறக்கிவிட்டேன். ஐயோ, உங்க வீட்டுக்காரரா?"

அவர் வேலைக்குப் போகும்போது இறங்கும் நிறுத்தம் அது. கால் தானாக இறங்கியிருக்கிறது. கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தி, எதிரில் வந்த ஆட்டோவைக் கை காட்டி மறித்து, என்னை அதில் ஏற்றிவிட்டார். ஏற்றும்போதும், "எனக்குத் தெரியாதும்மா, எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் போன் வீட்டில் இருந்தது, அதை இயக்க அவருக்கு வராததால். சட்டைப் பையில் விலாசம் எழுதி ஒரு சீட்டு வைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

மெயின்கார்டு கேட்டில் இறங்கினேன். பண்டிகைக்கு முந்தைய வாரம். துணிக்கடைகளுக்கு வெளியே நின்று கூவுகிறவர்கள், பைகளோடு குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள். நேராக அவருடைய கடைக்குப் போனேன். வாசலில் நின்ற பழைய சகாக்கள் என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டார்கள். அவர் அங்கே வரவில்லை என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேர் கடையைவிட்டு இறங்கினார்கள். ஒருவர் சின்னக்கடை வீதிப் பக்கம் ஓடினார், இன்னொருவர் மாணிக்க விநாயகர் சன்னதிப் பக்கம். நான் தெப்பக்குளத்தைப் பார்க்க நடந்தேன்.

"ஏங்க!" என்று கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை. கொஞ்சம் பலமாக, "ஏங்க!" என்றேன். நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் அவர் இல்லை. அந்த ரோட்டில் எல்லாப் புருஷனுக்கும் அதுதான் பேர் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் பேரை நான் சொன்னதே இல்லை. யாரும் தடுத்ததில்லை, சொல்லக்கூடாது என்று வளர்க்கவுமில்லை, அப்படியே பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில்கூடப் பேர் கேட்டபோது டீச்சர்தான் சொன்னார். இப்போது வளையல் கடை வாசலில் நின்றுகொண்டு அந்தப் பேரைச் சொன்னேன். முதலில் முணுமுணுப்பாக வந்தது. பிறகு கத்தினேன். எங்கிருந்து அப்படி ஒரு குரல் வந்தது என்று தெரியவில்லை, எனக்கே அந்நியமாக இருந்தது. போகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தி, "நீலச் சட்டை போட்டிருப்பாரு. வலது கால இழுத்து நடப்பாரு. பேச வராது. எது கேட்டாலும் நாளைக்கும்பாரு. பாத்தீங்களா?" என்று கேட்டேன். ஒருவர், "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர், பாதி தூரம் போய்த் திரும்பி வந்து என்னோடு தேடினார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தெப்பக்குளம் முக்கில் ஒரு குரல் வந்தது. "யம்மா! இங்க! இங்க ஒருத்தர் இருக்காரு!"

பூட்டிக்கிடந்த ஒரு கடையின் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கிற பெண் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கீறி உப்புத் தடவிய கொய்யாப்பழம் ஒன்று அவர் இடது கையில் இருந்தது, கடிக்காமல். என் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கியிருந்தார். தன் பேரை அந்தக் குரலில் கேட்ட ஆச்சரியம் முகத்தில் அப்படியே நின்றிருந்தது. ஒரு பக்க வாயால் சிரித்தார். பிறகு அழுதார்.

"எங்கங்க போனீங்க? சொல்லாம கொள்ளாம இப்படி இறங்கலாமா? நான் எங்கன்னு தேடுறது?" நடுத்தெருவில் நின்று அவரைத் திட்டினேன்.

"நாளைக்கு" என்றார்.

"திட்டாதீங்கம்மா, அவரே பயந்து போயிருக்காரு" என்றாள் கொய்யாக்காரப் பெண். "குடிச்சிட்டு உக்காந்திருக்காருன்னு ஒருத்தன் கையப் பிடிச்சு இழுத்து எழுப்பினான். நான் கிட்டப் போயிப் பாத்தேன், வாடையே இல்ல. கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்துது. வீடு எங்கன்னா நாளைக்குங்கிறாரு, பசிக்குதான்னா நாளைக்குங்கிறாரு. சரி, தேடிக்கிட்டு யாராச்சும் வருவாங்க, அதுவரைக்கும் இங்கயே உக்காருங்கன்னு வச்சிக்கிட்டேன்."

அவர் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய கடையின் போர்டு தெரிந்தது. அந்தப் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் கடை வாசலைத் தாண்டித்தான் இங்கே வந்திருக்க வேண்டும். உள்ளே போகவில்லை. ஏன் என்று அவரால் சொல்ல முடியாது. அங்கே எல்லாரும் அவர் பேச்சைக் கேட்கத்தானே கூடுவார்கள், வெறும் வாயோடு எப்படிப் போய் நிற்பது என்று நினைத்திருப்பார். இது நானாக நினைத்துக்கொண்டதுதான். சரியா என்று தெரியாது.

தேடப் போன சகாக்கள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஒருவர் அவர் காலடியில் குந்தி உட்கார்ந்து, "அண்ணே, இவ்வளவு தூரம் வந்துட்டு உள்ள வராம இருக்கலாமா? வாங்க, ஒரு டீ சாப்பிட்டுப் போலாம்" என்று கையைப் பிடித்தார். நல்ல மனசோடுதான் கூப்பிட்டார். என் கணவர் என் புறங்கையை இறுக்கிப் பிடித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னைக்கு வேண்டாம் தம்பி. அவருக்கு இன்னைக்கு மனசு வரல. வரணும்னு தோணுறப்ப நானே கூட்டிட்டு வரேன்" என்றேன்.

பிடி தளர்ந்தது. அவர் தலையை ஆட்டினார். அவர் மனதில் இருந்ததை நான் சரியாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்குப் பேச்சு நின்றுபோனதிலிருந்து அதுதான் முதல் தடவை.

அன்றைக்குப் பிறகு நான் பேச ஆரம்பித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் மாத்திரை மாறியிருந்தால் கேட்கிறேன். பேங்கில், "அவர் கையெழுத்து இனிமே இப்படித்தான் சார் இருக்கும், அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று மேனேஜர் அறைவரை போய்க் கேட்டேன். மாடி டீச்சர், "ரொம்பத் தைரியமா ஆயிட்டீங்கக்கா" என்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் பேசி முடித்துவிட்டுத் திரும்பினால் அவர் எனக்கு அரை அடி பின்னால் நிற்கிறார். நான் நின்ற இடத்தில். அங்கே நிற்பது எனக்குச் சுகமாக இருந்தது. அவருக்கு அப்படி இல்லை என்று பார்த்தாலே தெரிகிறது.

பயிற்சிக்கு இப்போதும் போகிறோம். 'தண்ணி' என்ற சொல் ஒருநாள் வந்தது. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அந்த வாரமே அது போய்விட்டது. மறுபடி வரும் என்கிறாள் அந்தப் பெண். வராமலும் போகலாம் என்று அவள் கண்ணில் தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பீரோவைக் காட்டிக் காட்டி ஏதோ கேட்டார். வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். இல்லை என்று தலையசைத்தார். குடை, கல்யாண ஆல்பம், மகன் வாங்கி அனுப்பிய ஸ்வெட்டர், பழைய கண்ணாடி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். எதுவும் இல்லை. டீச்சரைக் கீழே கூப்பிட்டேன். அவரும் கேட்டுப் பார்த்தார். பீரோ முழுக்கத் தரையில் கிடந்தது. "நாளைக்கு! நாளைக்கு!" என்று அவர் குரல் உயர்ந்துகொண்டே போய்ச் சட்டென்று நின்றது. கட்டிலில் சாய்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் என் முதுகைத் தடவிவிட்டு மேலே போனார்.

முன்பெல்லாம் இப்படி ஆகும்போது, "சரி சரி, புரிஞ்சுடுச்சு, அப்புறம் பாக்கலாம்" என்று சமாதானம் சொல்லுவேன். அவரை ஏமாற்ற முடியாது என்று இப்போது தெரிகிறது.

"எனக்குப் புரியலங்க. எவ்வளவோ பாத்துட்டேன். எனக்குத் தெரியல" என்றேன்.

என் பக்கம் திரும்பினார். பிறகு சரியாக வராத காலை இடது கையால் பிடித்துத் தூக்கி உள்பக்கமாக நகர்த்தி வைத்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். தரையில் கிடந்த சாமான்களை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.