மூன்றாம் குவியலில் வைத்த கை

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொல்ல வந்ததைப் பாதியில் மறந்துவிட்டு வேறெங்காவது போய்விடுவேன் — வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. இந்த வாரத்துக் கதையில் என் தப்பும் இருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, எருமப்பட்டியில் என் தங்கை பழனியம்மாளின் தோட்டத்துக்குப் போர்வெல் போடுகிற ரிக் லாரி வந்தது. பழைய போர் வற்றிவிட்டது. புதிதிலும் தண்ணீர் இல்லையென்றால் நாலு மாட்டையும் கொடுத்துவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் மகனுடைய மாடி வீட்டுக்குப் போவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

“அங்க போயி என்னக்கா பண்ணுவேன்? சன்னல்ல ஒக்காந்து ஆட்டோவ எண்ணோணும்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் மாட்டுக்கொட்டகைப் பக்கமே இருந்தது.

ரிக் ஓட்டுகிற டிரில்லர் செல்வராசு திருச்செங்கோட்டுக்காரர். இவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இருபது அடிக்கு ஒருமுறை, குழியிலிருந்து கம்ப்ரசர் காற்று ஊதித் தள்ளுகிற தூளில் கொஞ்சம் எடுத்து, வரிசையாகக் குவித்து வைப்பார்கள். பூமிக்குள் எது எங்கே இருக்கிறது என்று அந்த வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதல் இரண்டு குவியல் செம்மண். மூன்றாவது, கையில் பிடித்தால் பொடிகிற உதிர்கல். நாலாவது, கறுஞ்சாம்பல் நிறத்தில் நல்ல பாறைத்தூள்.

நாலு குவியல் ஆனதும் டீ குடிக்க மெஷினை நிறுத்தினார்கள். எனக்கோ அந்த வரிசையைப் பார்த்ததும் வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

என் மகள் போனில் ஒரு வீடியோ காட்டியிருந்தாள். சூரியனைச் சுற்றித் திரிகிற சின்னச் சின்னக் கற்கள் இருக்கின்றன. சிறுகோள் என்று பெயராம். அப்படி ஒன்றைத் தேடி, ஆளில்லாத ஒரு ரோபோ விண்கலம் வருஷக்கணக்கில் பயணம் போயிருக்கிறது. போய், கையை நீட்டி, சில நொடி மட்டும் தொட்டு, காற்றை ஊதி, எழும்பிய தூளைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டது. காற்றை ஊதித் தூள் எடுப்பதா? இது நம் ரிக்காரர் வேலையல்லவா... அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. வானத்துக் கல்லின் தூள் கைக்கு எப்படி இருக்கும்?

அந்த நினைப்பிலேயே குனிந்து நாலாம் குவியலில் ஒரு பிடி அள்ளினேன். விரலில் தேய்த்தேன். முகர்ந்துகூடப் பார்த்தேன். அதற்குள் “அக்கா, டீ ஆறுது” என்று பழனி கூப்பிட்டாள். கையிலிருந்ததைக் கொட்டிவிட்டுப் போனேன்.

டீ முடிந்து செல்வராசு வந்தார். வரிசையைப் பார்த்தார். “அறுபதுலயே பாறை வந்திருச்சாட்ட இருக்குது. கேசிங் மூணு பைப் போதுங்க” என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். “ஆனா மெஷின் சத்தம் அப்ப மாறலியே...”

அப்போதுதான் கீழே பார்த்தேன். நான் கொட்டியது மூன்றாம் குவியலின் மேல்.

குழி சரியாமலிருக்க இறக்குகிற இருபதடி கேசிங் பைப்புகள் உதிர்கல்லைத் தாண்டிப் பாறையில் போய் உட்கார வேண்டும். நடுவில் நின்றால் உதிர்கல் சரிந்து குழியை மூடிவிடும். தண்ணீர் வந்தாலும் வராததுபோலத்தான். என் ஒரு பிடித் தூள், தங்கையை மாடி வீட்டுக்கு ஏற்றிவிடும்.

ஆண்கள் நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. பழனியின் காதில் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “எங்கிட்ட எதுக்கு? அவருகிட்ட சொல்லு.”

சொன்னேன். “ஏனுங்... அந்த மூணாவது குவியல்ல நாந்தான் கை வெச்சுட்டேன்.”

செல்வராசு உட்கார்ந்து, மேல் தூளை விரலால் ஒதுக்கினார். அடியில் உதிர்கல். “ஏனுங்கம்மா, கோலமாவுன்னு நெனச்சீங்களா?”

வேறு வழியில்லாமல் வானத்துக் கல் கதையை எடுத்தேன். “அந்தக் கல்லு கெட்டியா இருக்கும்னு நெனச்சுப் போனாங்களாமுங்க. தொட்டா, கை உள்ள பொதைஞ்சிருச்சாம்.”

“பின்னே? உதிர்கல்லுன்னா பொதையத்தான் செய்யும். கேசிங் இல்லாம கைய உட்டா?” என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். ஆனால் அவர் போகவில்லை. “அப்புறம் அந்தத் தூள என்ன பண்ணுனாங்க?”

“பூமிக்குக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்களாம். கிளவுஸ் போட்டுத்தான் தொடோணுமாம்.”

“பாத்துக்குங்க” என்றார். நாலாவது பைப்பையும் இறக்கச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அதன்பிறகு நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றேன். பழனி கொட்டகைத் தூணோடு சாய்ந்துவிட்டாள். ஐந்து, ஆறு, ஏழு... எல்லாம் உலர்ந்த தூள். எட்டாவதுக்குப் போகும்போது புகைபோல் பறந்துகொண்டிருந்த தூள் சட்டென்று அடங்கியது. சேறு வந்தது. பிறகு தண்ணீர்.  பழனி வாளியை எடுத்துக்கொண்டு போனாள், மாட்டுக்குப் பிடிக்க.

அந்த வானத்துத் தூளிலும் பழைய தண்ணீரின் தடம் இருந்ததாக மகள் சொன்னாள். அவ்வளவு தூரம் போயும் தேடியது இதைத்தானா?

படித்தவர்கள் யாராவது வானத்துச் சங்கதியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள் — எந்தக் குவியலில் எதைக் கொட்டியிருக்கிறேனோ.